43-ஐ 42 வென்ற கதை: விக்டோரியா, 1999

கேட்கப்பட்ட கேள்வி இது: "ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1999-இல் அதிக இடம் பிடித்த கூட்டணி ஆட்சியை இழந்தது, அதைவிட ஓர் இடம் குறைவாகப் பெற்ற கட்சி ஆட்சி அமைத்தது என்று படித்தேன். மூன்று சுயேச்சைகள் கைகாட்டிய பக்கம் ஆட்சி போனதாம். இது குதிரைப் பேரம்தானே? அந்த மூவரும் என்ன வாங்கிக்கொண்டார்கள்? கேட்டது கடைசியில் கிடைத்ததா?"

முதலில் நேரடியான பதில். பேரம் நடந்தது, அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பேரத்தின் விலைப்பட்டியலை மாநிலத்தில் யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்க முடிந்தது. மூவரில் ஒருவர்கூட அமைச்சராகவில்லை. அவர்கள் கேட்டவற்றில் முதலிடத்தில் நின்றது அரசின் கணக்கைச் சரிபார்க்கும் ஓர் அதிகாரியின் சுதந்திரம். நான் மெல்போர்னில் வசிப்பவன்; அந்த ஒரு மாத இழுபறியின்போதும் இந்த நகரத்தில்தான் இருந்தேன். ஆட்சி யாருக்கு என்று தெரியாமல் ஒரு மாநிலம் முப்பத்திரண்டு நாள் அமைதியாகக் காத்திருந்ததை அருகிலிருந்து பார்த்தவன் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கதை 1992-இல் தொடங்குகிறது. அப்போது ஆட்சியில் இருந்த தொழிற்கட்சி மக்களின் நம்பிக்கையை முற்றாக இழந்திருந்தது. மாநில வங்கி நொடித்துப்போய், காமன்வெல்த் வங்கிக்கு விற்கப்பட்டிருந்தது. ஜீலாங் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பிரமிட் என்ற சேமிப்பு நிறுவனம் 1990-இல் கவிழ்ந்து, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பணம் முடங்கியது. அதை ஈடுகட்ட அரசு பெட்ரோலுக்கு லிட்டருக்கு 3 சென்ட் வரி போட்டது. மாநிலத்தின் கடன் 30 பில்லியன் டாலரைத் தாண்டியிருந்தது. இந்தச் சூழலில்தான் லிபரல் கட்சியின் ஜெஃப் கென்னட், பண்ணையாளர்களின் கட்சியான நேஷனல் கட்சியுடன் கூட்டணி அமைத்து, 1992 அக்டோபர் தேர்தலில் பெரும் வெற்றி பெற்று முதல்வரானார். ஆஸ்திரேலிய மாநிலங்களில் முதல்வரை 'பிரீமியர்' என்பார்கள். நான் முதல்வர் என்றே எழுதுகிறேன்.

கென்னட்டைப் பிடிக்காதவர்கள்கூட அவரது வேகத்தை மறுக்க மாட்டார்கள். வந்த உடனே ஒவ்வொரு வீட்டுச் சொத்துக்கும் 100 டாலர் கூடுதல் வரி. அடுத்த மாதமே மெல்போர்ன் தெருக்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் திரண்டு எதிர்ப்புப் பேரணி நடத்தினார்கள், அவர் அசையவில்லை. 350 அளவில் பள்ளிகள் மூடப்பட்டன. 210 உள்ளாட்சி மன்றங்கள் 78 ஆகச் சுருக்கப்பட்டன. மாற்றம் நடந்த காலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் இடத்தில் நியமன ஆணையர்கள் அமர்ந்தார்கள். மின்சாரமும் எரிவாயுவும் தனியாருக்கு விற்கப்பட்டன. கடன் வேகமாகக் குறைந்தது, நகரத்தில் புதுக் கட்டடங்கள் எழுந்தன, ஃபார்முலா ஒன் கார் பந்தயம் அடிலெய்டிலிருந்து மெல்போர்னுக்கு வந்தது, யாரா ஆற்றங்கரையில் பிரம்மாண்டமான சூதாட்ட விடுதி திறக்கப்பட்டது. 1996 தேர்தலிலும் கூட்டணிக்கு 88-இல் 58 இடங்கள். தொழிற்கட்சிக்கு 29. எஞ்சிய ஒரே இடத்தில், வடமேற்குக் கோடியில் உள்ள மில்டுராவில், ரஸ்ஸல் சாவேஜ் என்ற முன்னாள் காவல்துறைக்காரர் சுயேச்சையாக வென்றிருந்தார். 58 பேர் பலம் கொண்ட அரசுக்கு அந்த ஒற்றைச் சுயேச்சையிடம் கேட்க எதுவும் இருக்கவில்லை. மூன்றரை ஆண்டுகளில் அந்த நிலை தலைகீழாக மாறியது.

மெல்போர்னில் இருந்து பார்த்தவர்களுக்கு மாநிலம் செழிப்பது போலத் தோன்றியது. நூறு கிலோமீட்டர் தள்ளிப் போனால் கதை வேறு. மில்டுராவுக்கு இரவில் ஓடிய வைன்லேண்டர் ரயில் 1993-இல் நின்றது. பேர்ன்ஸ்டேல், லியோங்காத்தா, அராரட் பயணிகள் ரயில்களும் அதே காலத்தில் நிறுத்தப்பட்டன. சிறு ஊர்களின் மருத்துவமனைகள் மூடப்பட்டன. ஒரு சிற்றூரில் பள்ளி மூடப்பட்டால் ஆசிரியர் குடும்பங்கள் போகும். அவர்கள் போனால் கடை போகும். உள்ளூர் கால்பந்து அணிக்கு ஆள் கிடைக்காது. என்னோடு வேலை செய்த ஒருவர் மேற்குப் பகுதிக் கோதுமை நிலத்தில் வளர்ந்தவர். தன் ஊரில் நடந்ததை அவர் கோபமாகச் சொல்லவில்லை, ஒரு சாவைச் சொல்வதுபோலச் சொன்னார். அந்தத் துயரத்தின் அளவு எனக்கு 1999 செப்டம்பர் 18 இரவில்தான் புரிந்தது.

அதற்கு முன் தணிக்கை விவகாரத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த பேரத்தின் நடு முடிச்சு அங்கேதான் இருக்கிறது. மாநில அரசின் செலவுகளைச் சரிபார்த்துச் சட்டமன்றத்துக்கு அறிக்கை தருபவர் தலைமைத் தணிக்கையாளர். செஸ் பாரக்வநாத் என்பவர் அந்தப் பதவியில் இருந்தார். அவருடைய அறிக்கைகள் அரசுக்குச் சங்கடம் தந்துகொண்டே இருந்தன. 1997-இல் கென்னட் அரசு சட்டத்தைத் திருத்தியது. தணிக்கை வேலையைச் செய்யும் ஊழியர் பிரிவு தனி அமைப்பாகப் பிரிக்கப்பட்டது. தணிக்கையாளருக்குப் பதவி மிஞ்சியது. கையும் காலும் வெட்டப்பட்டன. பொதுமக்கள் கூட்டங்களில் இது பேசுபொருளானது. கணக்குத் தணிக்கை போன்ற வறட்டு விஷயத்துக்காகச் சாதாரண மக்கள் அரங்குகளை நிரப்பியது இன்னும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

ஆளும் லிபரல் கட்சிக்குள்ளேயே ஒருவர் பொறுக்கவில்லை. மிட்சம் தொகுதி உறுப்பினர் ரோஜர் பெஸ்காட் இதை எதிர்த்துப் பதவியையே துறந்தார். 1997 டிசம்பரில் நடந்த இடைத்தேர்தலில் அந்த இடம் தொழிற்கட்சிக்குப் போனது. கிழக்குப் புறநகரின் வசதியான தொகுதி அது. அதே ஆண்டின் தொடக்கத்தில் மேற்குக் கிப்ஸ்லாந்து இடைத்தேர்தலில் சூசன் டேவிஸ் என்ற ஆசிரியை சுயேச்சையாக வென்றிருந்தார்; அதுவும் லிபரல் இடம்தான். இரண்டு எச்சரிக்கை மணிகள். அரசு இரண்டையும் கேட்டதாகத் தெரியவில்லை.

எதிர்க்கட்சியில் ஜான் பிரம்பி தலைவராக இருந்தார். அறிவாளி, உழைப்பாளி, ஊர் ஊராகச் சென்று மாநிலத்தின் உட்பகுதிகளைப் பேசவைத்தவர். ஆனால் கருத்துக் கணிப்புகளில் ஏறவே இல்லை. 1999 மார்ச்சில் அவர் விலகி, ஸ்டீவ் பிராக்ஸுக்கு வழிவிட்டார். பிராக்ஸ் பல்லாரட்டில் பிறந்து வளர்ந்தவர், லெபனான் வழிவந்த குடும்பம், மென்மையான பேச்சு. தேர்தலுக்கு ஆறு மாதம். கென்னட்டின் அதிரடிக்கு எதிரே இவரை நிறுத்தியபோது பலரும் தோற்கப்போகும் தேர்தலுக்கு ஒரு பலியாள் என்றே நினைத்தார்கள். கணிப்புகள் கென்னட் எளிதாக வெல்வார் என்றன. லிபரல் பிரசாரம் முழுக்க ஒரே மனிதரைச் சுற்றி அமைந்தது. கட்சியின் பிரசார இணையதளம்கூட 'ஜெஃப்' என்ற பெயரில்தான் இருந்தது. வேட்பாளர்கள் ஊடகங்களிடம் வாய் திறக்கக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்ததாகவும் அப்போது பரவலாகப் பேசப்பட்டது. பிராக்ஸோ பல்லாரட்டுக்கும் பெண்டிகோவுக்கும் ஜீலாங்குக்கும் திரும்பத் திரும்பப் போய், பள்ளி, மருத்துவமனை, ரயில், தணிக்கையாளர் என்று நான்கு விஷயங்களையே பேசிக்கொண்டிருந்தார். மெல்போர்ன் செய்தியாளர்களுக்கு அது சலிப்பூட்டியது.

வாக்கு எண்ணிக்கை இரவில் மெல்போர்ன் தொகுதிகள் பெரிதாக அசையவில்லை. அதிர்ச்சி வெளியூரிலிருந்து வந்தது. பல்லாரட் கிழக்கு, பல்லாரட் மேற்கு, பெண்டிகோ கிழக்கு, ரிப்பன், சீமோர், கிஸ்போர்ன், நாரக்கன் என்று தங்கவயல் ஊர்களும் பண்ணை நிலங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்கட்சிப் பக்கம் சாய்ந்தன. பெண்டிகோ கிழக்கில் ஒரு முன்னாள் அமைச்சரைத் தோற்கடித்தவர் ஜசிந்தா ஆலன் என்ற இளம்பெண். மறுநாள்தான் அவருக்கு 26 வயது நிரம்பவிருந்தது. அவரே 2023 செப்டம்பரில் மாநிலத்தின் முதல்வரானார். தூரக் கிழக்கில், கிப்ஸ்லாந்து கிழக்குத் தொகுதியில், கிரெய்க் இங்ரம் என்ற கடல் நத்தை மூழ்காளர் நேஷனல் கட்சியைச் சுயேச்சையாக நின்று வீழ்த்தினார். அவருடைய பிரசாரம் ஒரு நதியைப் பற்றியது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

இப்போது எண்கள். எண்ணிக்கை அடங்கியபோது கூட்டணிக்கு 43 (லிபரல் 36, நேஷனல் 7). தொழிற்கட்சிக்கு 41. சுயேச்சைகள் 3. கூட்டினால் 87 வருகிறது. 88-ஆவது இடம் பிராங்ஸ்டன் கிழக்கு. அந்தத் தொகுதியின் உறுப்பினர் பீட்டர் மெக்லெல்லன் லிபரல் கட்சியிலிருந்து விலகிச் சுயேச்சையாக மீண்டும் போட்டியிட்டவர். வாக்குப்பதிவு நாளன்றே அவர் காலமானார். வேட்பாளர் இறந்தால் அந்தத் தொகுதியின் தேர்தல் செல்லாது. அக்டோபர் 16-இல் மறுபடியும் நடத்த வேண்டும் என்றாயிற்று. ஒரு மாநிலத்தின் ஆட்சி, விரிகுடாக் கரையில் இருக்கும் ஒரு நடுத்தரப் புறநகரின் மறுதேர்தலுக்காக நான்கு வாரம் காத்து நின்றது.

இந்த இடத்தில் ஜீலாங் தொகுதியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அங்கே தொழிற்கட்சியின் இயன் டிரெசிஸ், அப்போதைய அமைச்சர் ஆன் ஹென்டர்சனை 16 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 16 வாக்குகள்! ஒன்பது பேர் மனம் மாறியிருந்தால் அந்த இடம் கூட்டணிக்கு. அப்போது கூட்டணி 44, எதிரே அனைவரும் சேர்ந்தாலும் 44. பிரமிட் நிறுவனம் கவிழ்ந்து மக்கள் கண்ணீர் விட்ட அதே ஊர் இது. தொழிற்கட்சி ஆட்சியில் பணம் முடங்கிப்போன நகரம், ஒன்பது ஆண்டுகள் கழித்து அதே கட்சியை ஆட்சிக்குக் கொண்டுவரும் நிலையில் நின்றது.

இந்த முறையைச் சரியாகப் புரிந்துகொள்ள ஒரு விளக்கம் தேவை. ஆஸ்திரேலியாவில் வாக்களிப்பது கட்டாயம். விக்டோரியாவின் வாக்குச்சீட்டில் ஒரு பெயருக்கு முத்திரை குத்திவிட்டு வர முடியாது. எல்லா வேட்பாளர்களுக்கும் 1, 2, 3 என்று விருப்ப வரிசை இட வேண்டும். யாருக்கும் பாதிக்கு மேல் முதல் விருப்பம் கிடைக்காவிட்டால், கடைசியில் உள்ளவரை நீக்கி அவருடைய வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டே வருவார்கள். கடைசியில் இருவர் மிஞ்சும்போது ஒருவர் பாதியைத் தாண்டியிருப்பார். அதனால்தான் மாநிலம் முழுவதையும் எடுத்துக்கொண்டு, "இரண்டு பெரிய அணிகளில் எதை விரும்புகிறீர்கள்?" என்று கேட்டால் கிடைக்கும் விடையையும் கணக்கிட முடிகிறது. 1999-இல் அந்த விடை தொழிற்கட்சிக்குச் சாதகமாக, 50 சதவீதத்தைச் சற்றே தாண்டி வந்தது. எனவே "குறைந்த ஆதரவு பெற்ற கட்சி ஆட்சி அமைத்தது" என்று சொல்வது பொருந்தாது. இடத்தில் ஒன்று குறைவு. மக்களின் கடைசி விருப்பக் கணக்கில் ஒரு மயிரிழை அதிகம்.

ஆட்சிக்குத் தேவை அதிக இடம் பிடித்த கட்சி என்ற பட்டம் அல்ல, கீழவையின் நம்பிக்கை. தேர்தல் முடிந்த பின்னும் கென்னட் இடைக்கால முதல்வராகத் தொடர்ந்தார். அது சட்டப்படி சரி. புதிய சட்டமன்றத்தில் பெரும்பான்மை யாருக்கு என்று தெளிவாகும் வரை ஆளுநர் ஜேம்ஸ் கோபோ காத்திருந்தார், யாரையும் முந்தி அழைக்கவில்லை. ஆளுநர் பொறுமையாகக் காத்திருந்ததே அந்த மாதத்தின் அமைதிக்குப் பாதிக் காரணம் என்பது என் கருத்து.

மீதிப் பாதிக்குக் காரணம் அந்த மூன்று சுயேச்சைகள். அவர்கள் ஒரே மனநிலையில் இருந்தவர்கள் என்று நினைக்க வேண்டாம். சாவேஜ் இயல்பில் பழமைவாதி. மில்டுரா பழத்தோட்டங்களும் வறண்ட நிலமும் கொண்ட பகுதி. டேவிஸ் முன்பு தொழிற்கட்சி வேட்பாளராக நின்றவர், பிறகு கட்சியை விட்டு விலகி வந்தவர். இங்ரம் அதுவரை அரசியலுக்கே புதியவர். கூட்டணிக்கு நெடுங்காலமாக வாக்களித்த மண்ணிலிருந்து வந்தவர். மூவரின் தொகுதிகளையும் வரைபடத்தில் தேடினால் ஒன்று வடமேற்கு மூலையில், ஒன்று கிழக்கு மூலையில், ஒன்று மெல்போர்னின் தென்கிழக்கில். தனித்தனியே பேரம் பேசியிருந்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு மருத்துவமனையோ சாலையோ கிடைத்திருக்கும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. மூவரும் உட்கார்ந்து ஒரு சாசனம் எழுதினார்கள். அதை இரு தரப்புக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினார்கள். பதிலை எழுத்தில் கேட்டார்கள். பொதுமக்களும் அதைப் படித்தார்கள்.

அந்தச் சாசனத்தில் என்ன இருந்தது? தலைமைத் தணிக்கையாளரின் அதிகாரத்தைத் திருப்பித் தர வேண்டும். தகவல் அறியும் சட்டத்தை வலுப்படுத்த வேண்டும். மேலவையை விகிதாசார முறையில் தேர்ந்தெடுக்கும்படி மாற்ற வேண்டும். முதல்வர் நினைத்த நாளில் தேர்தல் வைக்கும் வழக்கத்துக்கு முடிவுகட்டி, நான்கு ஆண்டுக் காலவரையறை நிர்ணயிக்க வேண்டும். வெளியூர்ச் சேவைகளையும் உள்கட்டமைப்பையும் கவனிக்க வேண்டும். ஸ்னோவி ஆற்றுக்கு நீர் விட வேண்டும். கூட்டணியும் இவற்றில் பலவற்றுக்குச் சம்மதம் தெரிவித்தது என்பதை மறக்கக் கூடாது. ஏழாண்டுகள் எவருடைய தயவும் தேவைப்படாமல் ஆண்ட ஒருவர் மூன்று சுயேச்சைகளுக்கு முறையான பதில் எழுதும் நிலைக்கு வந்தார். ஆனால் தணிக்கையாளரின் கைகளை வெட்டியவரே அவற்றை ஒட்டவைக்கிறேன் என்கிறார், நம்புவதா? எனக்குத் தெரிந்தவரை முடிவை நிர்ணயித்தது இந்த ஒற்றைக் கேள்விதான். வாக்குறுதியின் உள்ளடக்கத்தைவிட வாக்குறுதி தருபவரின் கடந்த காலம் கனமாக நின்றது.

அக்டோபர் 16, சனிக்கிழமை, பிராங்ஸ்டன் கிழக்கு வாக்களித்தது. தொழிற்கட்சியின் மாட் வைனி வென்றார். 43க்கு 42. இந்த முடிவு மாறியிருந்தால் கூட்டணிக்கு 44 இடம் இருந்திருக்கும்; ஒரே ஒரு சுயேச்சை போதும். அப்போது சாசனத்தின் கதி என்னவாகியிருக்குமோ! இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 18 திங்கட்கிழமை, மூவரும் ஒன்றாக வந்து தங்கள் ஆதரவு தொழிற்கட்சிக்கு என்று அறிவித்தார்கள். வரவுசெலவுத் திட்டத்துக்கும் நம்பிக்கைத் தீர்மானத்துக்கும் ஆதரவு. மற்ற மசோதாக்களில் அவரவர் மனசாட்சி. கென்னட் தன் பெரும்பான்மையைச் சட்டமன்றத்தில் சோதித்துப் பார்க்கும் யோசனை கட்சிக்குள் இருந்தது. அவர் அந்த வழியில் போகவில்லை, விலகினார். அக்டோபர் 20 புதன்கிழமை ஸ்டீவ் பிராக்ஸ் முதல்வராகப் பதவியேற்றார்.

அந்த ஆட்சி எத்தனை நாள் தாங்கும் என்றுதான் அப்போது எல்லோரும் கணக்குப் போட்டார்கள். அவைத்தலைவர் பதவிக்குத் தொழிற்கட்சி தன் உறுப்பினர் ஒருவரையே தர வேண்டியிருந்தது. அவர் சமநிலை வந்தால் மட்டுமே வாக்களிப்பார். மிச்சம் 41, சுயேச்சைகள் 3, மொத்தம் 44. எதிரே 43. ஒரு உறுப்பினருக்குக் காய்ச்சல் வந்தால் அரசுக்கு நடுக்கம். பிறகு நடந்தது விந்தை. கென்னட் சட்டமன்றத்தை விட்டே விலகியதால் அவருடைய பர்வுட் தொகுதியில் டிசம்பர் 11-இல் இடைத்தேர்தல்; தொழிற்கட்சி வென்றது. நேஷனல் கட்சித் தலைவர் பாட் மெக்நமாரா விலகியதால் பெனாலாவில் 2000 மே மாதம் இடைத்தேர்தல். பண்ணையாளர் கட்சியின் கோட்டையான அங்கேயும் தொழிற்கட்சி வென்றது. 44, 41, 3. இரண்டு எதிர்க்கட்சித் தலைவர்களின் ராஜினாமா அரசுக்கு உயிரூட்டியது. லிபரலும் நேஷனலும் கூட்டணியை முறித்துக்கொண்டன. 2002 நவம்பரில் நடந்த தேர்தலில் தொழிற்கட்சிக்கு 88-இல் 62 இடங்கள் கிடைத்தன.

அடுத்து, கேட்டது கிடைத்ததா என்ற கேள்வி. இதில் சரிபாதி மகிழ்ச்சியும் சரிபாதி வருத்தமும் இருக்கிறது.

தணிக்கையாளரின் அதிகாரம் முதலில் திரும்பியது. புதிய அரசின் தொடக்கச் சட்டங்களில் ஒன்று அது.

ஸ்னோவி ஆறு நியூ சவுத் வேல்ஸ் மலைகளில் பிறந்து விக்டோரியாவின் கிழக்குக் கரையில், மார்லோ அருகே கடலில் சேர்கிறது. உலகப் போருக்குப் பிந்தைய மாபெரும் நீர்மின் திட்டத்துக்காக ஜிண்டபைன் அணையில் அதன் தண்ணீர் மறிக்கப்பட்டு, மலையைக் குடைந்து மேற்கே திருப்பப்பட்டது. அணைக்குக் கீழே இயல்பான ஓட்டத்தில் ஒரு சதவீதம் அளவே மிஞ்சியது. குதிரைகள் நீந்திக் கடந்ததாகச் சொல்லப்படும் ஆறு குட்டைகளும் மணலும் களையுமாக ஆகியிருந்தது. இங்ரம் சட்டமன்றத்துக்கு வந்ததே இதற்காகத்தான். 2000-இல் விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ், மத்திய அரசு மூன்றும் ஓட்டத்தில் 21 சதவீதத்தையும், பிறகு 28 சதவீதத்தையும் திருப்பித் தர உடன்பட்டன. 2002 ஆகஸ்டில் மோவாம்பா வாய்க்காலை மூடி முதல் தண்ணீர் ஆற்றுக்குத் திறக்கப்பட்டது. அடுத்து வந்த நெடும் வறட்சியில் விடப்பட்ட அளவு உடன்பாட்டை விட வெகுவாகப் பின்தங்கியது. ஆற்றோர மக்கள் அதற்காகக் கோபப்பட்டார்கள், அவர்களுடைய கோபம் நியாயமானது. ஆனாலும் ஒரு நதிக்காக ஒருவர் தேர்தலில் நின்று, அந்த ஒரு வாக்கின் பலத்தில் இரு மாநில அரசுகளையும் மத்திய அரசையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்ததை நான் சிறிய விஷயமாகக் கருத மாட்டேன்.

அராரட்டுக்கும் பேர்ன்ஸ்டேலுக்கும் 2004-இல் பயணிகள் ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியது. மில்டுரா ரயிலைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மேலவைச் சீர்திருத்தம்தான் இவற்றில் மிகப் பெரியது. என் மதிப்பில் அந்தத் தேர்தலின் உண்மையான விளைவு அதுவே. 1999-இல் மேலவையில் 44 இடங்கள்; அதில் 30 கூட்டணியிடம். பிராக்ஸ் அரசு கொண்டுவந்த சீர்திருத்த மசோதாக்களை அவர்கள் நிறுத்திவிட்டார்கள். தன் அதிகாரத்தைத் தானே குறைக்கும் சட்டத்துக்கு எந்த அவைதான் கை தூக்கும்? அரசு ஓர் அரசியலமைப்பு ஆணையத்தை அமைத்து, மாநிலமெங்கும் கருத்துக் கேட்டது. 2002 அலையில் தொழிற்கட்சி மேலவையிலும் பெரும்பான்மை பெற்றது. நெடுங்காலமாக அந்தக் கட்சிக்குக் கைகூடாத ஒன்று. இப்போது சீர்திருத்தத்தைக் கைவிட எல்லாக் காரணமும் இருந்தது. இரண்டு அவைகளும் கையில், சுயேச்சைகளின் வாக்கும் தேவையில்லை, கேட்பவர் யாரும் இல்லை. ஆயினும் 2003-இல் அந்தச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். 40 உறுப்பினர்கள், 8 மண்டலங்கள், மண்டலத்துக்கு 5 பேர், விகிதாசார முறை. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நவம்பர் மாதக் கடைசிச் சனிக்கிழமை தேர்தல்; முதல்வர் இஷ்டப்படி மாற்ற முடியாது. தங்களுக்குக் கிடைத்த அபூர்வமான பெரும்பான்மையை, இனி எந்தக் கட்சிக்கும் அது எளிதில் கிடைக்காத ஏற்பாட்டைச் செய்யப் பயன்படுத்தினார்கள். அரசியல்வாதிகளைப் பற்றி எனக்கு ஏமாற்றம் வரும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன்.

நேர்மைக்காக ஒன்று சொல்ல வேண்டும். கென்னட்டை வெறும் வில்லனாக்கிப் பேசுவது இங்கே பலருக்குப் பழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கடனில் மூழ்கிய மாநிலத்தை அவர் கரையேற்றினார், அந்த நல்ல கணக்கில்தான் பிராக்ஸ் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் செலவிட முடிந்தது. தோற்ற மறு ஆண்டே மனச்சோர்வு நோய் குறித்து மக்களிடம் பேசும் 'பியாண்ட் ப்ளூ' அமைப்பின் முதல் தலைவராகி, பல ஆண்டுகள் உழைத்தார். அந்த அமைப்பு பிராக்ஸின் மாநில அரசும் மத்திய அரசும் சேர்ந்து தொடங்கியது. பல்லாரட்டும் பெண்டிகோவும் அவரைத் தோற்கடித்தது கணக்குத் தெரியாதவர் என்பதற்காக அல்ல. தங்கள் பேச்சைக் கேட்காதவர் என்பதற்காக. வழிவிட்டு நின்ற பிரம்பிக்கும் காலம் வந்தது: 2007-இல் பிராக்ஸ் விலகியபோது அவர் முதல்வரானார். 2010-இல் 45க்கு 43 என்று இன்னொரு இழுபறியில் ஆட்சியை லிபரல் கூட்டணியிடம் ஒப்படைத்தார்.

மூன்று சுயேச்சைகளின் பிற்காலத்தைச் சொல்லி முடிக்கிறேன். 2002-இல் தொகுதி மறுவரையறையில் டேவிஸின் மேற்குக் கிப்ஸ்லாந்து தொகுதியே இல்லாமல் போனது. பாஸ் என்ற புதிய தொகுதியில் நின்று தோற்றார். இங்ரம் 2010 வரை தாக்குப்பிடித்தார். சாவேஜுக்கு நேர்ந்தது என்னை இன்னும் உறுத்துகிறது. அவர் ஆட்சிக்குக் கொண்டுவந்த அரசே 2004-இல் மில்டுராவுக்குத் தெற்கே நவிங்கி என்ற இடத்தில் நச்சுக் கழிவுக் கிடங்கு அமைக்கத் திட்டமிட்டது. அவர் கடுமையாக எதிர்த்தார். ஊர் மக்களோ "நீதானே இவர்களைக் கொண்டுவந்தாய்?" என்று அவரைப் பார்த்தார்கள். 2006 நவம்பர் 25-ஆம் தேதி, நிர்ணயிக்கப்பட்ட நாளில் தேர்தல் நடந்தது. அவர் கேட்ட விகிதாசார முறையில் மேலவை முதன்முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. தொழிற்கட்சிக்கு 40-இல் 19 இடம் மட்டுமே கிடைத்து, மேலவைப் பெரும்பான்மை போனது. அதே தேர்தலில் சாவேஜும் மில்டுராவில் நேஷனல் கட்சியிடம் தோற்றார். கழிவுக் கிடங்குத் திட்டம் இரண்டு மாதத்தில், 2007 ஜனவரியில், கைவிடப்பட்டது. மெல்போர்னிலிருந்து 540 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் மில்டுராவுக்குப் பயணிகள் ரயிலைத் திருப்பிக் கொண்டுவருவதாகத் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்த புதிதில் சொல்லியிருந்தது. அந்த ரயில் இன்னும் வரவில்லை.